பூப்போட்ட தட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நாளுக்கொரு சொல்லாக வந்தது. வாத்தியார் காலையில் கரும்பலகையில் ஒரு பெயர்ச்சொல்லை எழுதுவார். அதன் பொருளை நாங்கள் பாட்டாகக் கத்த வேண்டும். அப்புறம் அதே பொருள் தரும் வேறு சொற்கள், கடைசியில் ஆளுக்கொரு வாக்கியம். வகுப்பில் நான்தான் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு அம்மாவின் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தார். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்த்தார் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். வேறு தோட்டங்களும் அவரைச் சேர்க்கவில்லை. தோட்டத்தை நடத்தும் துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் யாரும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தங்கக் கூடாது. தங்கினால் இடம் கொடுத்தவருக்கும் வேலை போகும். அதனால் மாமா பகலெல்லாம் உள்ளேயே கிடப்பார். லயத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. "யாராச்சும் கேட்டா, மாமா விருந்தாடி வந்திருக்காங்கன்னு சொல்லு" என்று அம்மா எனக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

சொன்னாளே தவிர, அவரை விருந்தாளி மாதிரி அம்மா நடத்தவே இல்லை. எங்கள் வீட்டில் ராத்திரிக்குக் கோதுமை ரொட்டிதான். விருந்தாளி வந்தால் மட்டும் சோறு வேகும். அதைப் போட என்று ஒரு பூப்போட்ட பீங்கான் தட்டு துணி சுற்றி மேலே இருந்தது. மாமாவுக்கு அந்தத் தட்டு ஒருநாளும் இறங்கவில்லை. எங்களோடு உட்கார்ந்து ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்பார், பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளுவார். அம்மாவுக்குக் கொஞ்சமும் மரியாதை தெரியவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் குறை.

மாசி மாதத்தில் ஒருநாள் கரும்பலகையில் 'கெஸ்ட்' வந்தது. "விருந்தாளி. ஆனா விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான், ஞாபகம் வச்சுக்குங்க" என்று வாத்தியார் சிரித்தார். விசிட்டர் என்றாலும் அதுதானாம், கம்பெனி என்றாலும் அதுதானாம். கம்பெனி என்றால் தோட்டத்தின் சொந்தக்காரர் என்றுதான் நாங்கள் அதுவரை நினைத்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்துத் துரை பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார். வெள்ளைக்காரர், பிள்ளைகளிடம் பிரியமானவர். பலகையைப் படித்துவிட்டு, ஒரு வாக்கியம் சொல்லும்படி என்னைக் கைகாட்டினார். என் மாமா எங்கள் வீட்டில் கெஸ்ட் என்று இங்கிலீஷில் பிழையில்லாமல் சொன்னேன். துரைக்குச் சந்தோஷம். எப்போது வந்தார் என்று கேட்டார். தீபாவளிக்கு வந்தார் சார் என்று அதையும் இங்கிலீஷிலேயே சொன்னேன்.

வாத்தியார் சிரிக்கவில்லை. இவள் யார் மகள் என்று துரை கேட்டபோது, அப்பாவின் பெயரைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் பிடித்தது. துரை என் கன்னத்தைத் தட்டி, "குட் கேர்ள்" என்றார்.

சாயங்காலம் கங்காணி வந்து வாசலிலேயே நின்றார். "ஒங்க மச்சான் காலைல மொத பஸ்ஸுக்குப் போயிரணுமாம். இல்லேன்னா ஒங்க ரெண்டு பேரு பேரையும் வேலையிலேருந்து வெட்டிருவாங்களாம்" என்று அப்பாவிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா நல்லா இங்கிலீசு பேசுச்சாமே" என்றார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அடி விழும் என்று விறகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். யாரும் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம், "தொரை கேட்டாரு, எம் மக டக்குன்னு பதில் சொல்லிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் பெருமைதான் இருந்தது. மாமா என்னைத் தேடி வந்து பக்கத்தில் குந்தினார்.

"இங்கிலீசுல என்னான்னு சொன்ன?"

"கெஸ்ட்."

"கெஸ்ட்டு" என்று அவரும் சொல்லிப் பார்த்தார். "நல்ல மரியாதையான வார்த்தையாத்தான் இருக்கு. அழுவாத, வா சாப்பிடலாம்."

உள்ளே சோறு வெந்திருந்தது, கருவாட்டுக் குழம்பும் இருந்தது. அம்மா பூப்போட்ட தட்டை இறக்கி, துணியைப் பிரித்துத் துடைத்து மாமாவின் முன்னால் வைத்தாள்.

மாமா தட்டையே பார்த்தார். "என்னாக்கா, எனக்குப் போயி இந்தத் தட்டா? நான் என்ன வெளியாளா?"

"சாப்புடுப்பா" என்றாள் அம்மா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குப் பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இப்போதாவது அம்மா அவரை முறைப்படி நடத்துகிறாளே, அதுவும் நான் சொன்ன சொல்லால்தானே என்று நினைத்தேன். ரொட்டி வீட்டு மனிதருக்கு, சோறு திரும்பிப் போகிறவருக்கு என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. மாமா இரண்டு கவளம் தின்றுவிட்டு, வழக்கம்போலப் பாதியை என் பக்கம் தள்ளினார். வெகுநாள் கழித்துத் தின்ற சோறு. வழித்துத் தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி அம்மாவிடம் கேட்டேன்.