கைப்பிடி இல்லாத கதவு

நம்பாதவர்கள் கிளாங்கில் காப்பார் ரோட்டில் இருக்கும் அந்தக் குஷன் கடைக்கே போய்க் கேட்கலாம். கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடை. கடைக்காரி அமுதவள்ளி இன்றும் அங்கேதான் இருக்கிறாள். இப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று மறுக்க மாட்டாள். ஆனால் மழை நாளில் போய்க் கேட்காதீர்கள்... அன்றைக்கு அவள் வாயே திறக்க மாட்டாள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, நாய் ஊளை, சுடுகாடு என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்து போவீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது.

சிவேந்திரன் பிரிக்பீல்ட்ஸில் பல் டாக்டர். பழைய கார் பைத்தியம். பந்திங் பக்கம் ஒரு எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த ஆஸ்டின் காரை வாங்கி, ‘ஹாட் ராட்’ ஆக மாற்றிக்கொண்டிருந்தான். வெளியே அந்தக் காலத்து உடம்பு, உள்ளே சீறிப் பாயும் புது இன்ஜின். அதுதான் ஹாட் ராட். அமுதவள்ளியின் கணவன் லோகன்தான் தன் இழுவை லோரியில் காரைக் கொண்டுவந்து சேர்த்தான். உள்வேலை முழுவதும் அமுதவள்ளி பொறுப்பு.

டேஷ்போர்டு, நடுப்பெட்டி, சீட், கதவின் உள்பலகை... இந்தக் காருக்கு எதையும் கடையில் வாங்க முடியாது. அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, அதை பிளைவுட்டில் அறுத்து, ஸ்பாஞ்ச் ஒட்டி, மேலே தோலை இழுத்துத் தைக்க வேண்டும். லோரி சீட் தைத்தே காலம் தள்ளியவளுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்ததில் தலைகால் புரியவில்லை.

சிவேந்திரன் இரண்டே நிபந்தனை போட்டான். பின்சீட் வேண்டாம், அங்கே பெட்ரோல் டாங்கியும் ஸ்பீக்கரும் வரும். அமுதவள்ளி பின்சீட்டைக் கழற்றினாள். நல்ல நீளமான சீட்டு, தூக்கிப் போட மனசு வரவில்லை. புது உறை தைத்து, வருகிறவர்கள் உட்காரட்டும் என்று கடை வாசலில் போட்டாள். இரண்டாவது நிபந்தனைதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. கதவில் கைப்பிடியே கூடாதாம். வெளியிலும் கூடாது, உள்ளேயும் கூடாது. சாவிக்கொத்தில் இருக்கும் பட்டனை அமுக்கினால் பேட்டரி சக்தியில் கதவு திறக்க வேண்டும்.

“கரண்ட் போச்சுனா உள்ள இருக்கறவங்க எப்படி தம்பி வெளிய வருவாங்க?”

“போகாது லா அக்கா. கதவு வழவழன்னு இருக்கணும். அவ்வளவுதான்.”

அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். சுதர்சினி என்று பெண். கோயிலிலிருந்து அவளை இந்தக் காரில்தான் அழைத்துப் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். இடது பக்கக் கதவோரம் உட்காரப் போகிறவள் அந்தப் பெண்தான்.

அந்த இடது கதவில்தான் ஆரம்பித்தது.

பழைய தோலைக் கிழித்ததும் சேற்று நாற்றம் முகத்தில் அடித்தது. கதவின் வயிற்றுக்குள் சாம்பல் நிற மணல், மாவு மாதிரி. கைப்பிடி இருக்க வேண்டிய ஓட்டையை யாரோ முன்பே இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்து அடைத்திருந்தார்கள். வலது கதவில் அப்படி இல்லை. தகட்டைச் சுற்றிலும் கீறல்கள். ஸ்க்ரூடிரைவர் வழுக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

புதுப்பலகை செய்தாள். சிவப்புத் தோல். ஒரு சுருக்கம் இல்லை. மறுநாள் காலை கடையைத் திறந்தால், பலகையில் நாலு பள்ளம். விரல் விரலாக, வரிசையாக. கைப்பிடி இருக்க வேண்டிய அதே இடத்தில்.

ஸ்பாஞ்ச் மட்டம் என்று அதை விற்றவனைத் திட்டிவிட்டு வேறு ஸ்பாஞ்ச் வாங்கி ஒட்டினாள். மறுநாளும் நாலு பள்ளம். தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

லோகனிடம் சொன்னாள். எலியாக இருக்கும் என்றான். எலிக்கு எங்கேயாவது நாலு விரல் நீளுமா என்று அவனை ஒரு முறை முறைத்துவிட்டு மூன்றாவது தடவை ஒட்டினாள்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு மழை பிடித்தது. கிளாங் மழையைத்தான் தெரியுமே, ஊற்ற ஆரம்பித்தால் தகரக் கூரைக்குக் கீழே பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. லோகன் கடையில் இல்லை. கதவை மூடினால் பலகை எங்காவது இடிக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. காரில் பேட்டரி இன்னும் வைக்கவில்லை. சுவர் பிளக்கிலிருந்து ஒயர் இழுத்துத்தான் கரண்ட். வலது கதவு சுவரை ஒட்டி நின்றது. அமுதவள்ளி இடது பக்கம் ஏறி உட்கார்ந்து கதவை இழுத்தாள்.

டப்.

பலகை எங்கேயும் இடிக்கவில்லை. கச்சிதம். சந்தோஷமாகப் பட்டனை எடுத்தாள்.

அப்போது இடி விழுந்தது. கடை விளக்கு அணைந்தது.

பட்டனை அமுக்கினாள். ஒன்றும் இல்லை. மறுபடி... ஒன்றும் இல்லை. கண்ணாடியை இறக்கும் பிடியையும் அவளேதான் கழற்றியிருந்தாள். போன் வெளியே தையல் மெஷின் மேல் இருந்தது.

பயப்படாதே, கரண்ட் வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சேற்று நாற்றம் வந்தது.

கால் நனைந்தது. கணுக்கால்... முழங்கால்... குனிந்து பார்த்தாள். கார்ப்பெட் காய்ந்து கிடந்தது. ஆனால் குளிர் ஏறிக்கொண்டே வந்தது.

களக்... களக்... களக்...

மழைச் சத்தம் இல்லை அது. காருக்குள் கேட்டது.

கத்தினாள். கூரை மழையில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பின்னாலிருந்து ஒரு மூச்சு. அவசர மூச்சு.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

ஒரு கை வந்தது.

ஈரமான கை. அவள் தோளைத் தாண்டி நீண்டது. கதவைத் தடவியது. மேலே... கீழே... மேலே...

எதையோ தேடியது.

பிறகு அவள் கையைப் பிடித்தது. இழுத்தது. அந்த நாலு பள்ளத்தில் வைத்து அழுத்தியது. அழுத்தியது...

டிக்.

கரண்ட் வந்தது. அவள் மறுகையில் இறுகியிருந்த பட்டன் வேலை செய்தது. கதவு திறந்து அமுதவள்ளி சிமெண்டுத் தரையில் விழுந்தாள். தரை காய்ந்திருந்தது. சேலையும் காய்ந்திருந்தது. உள்ளங்கையில் மட்டும் சாம்பல் மணல்.

அன்று ராத்திரி முழுக்க அவளுக்கு அந்தக் கல்யாணப் பெண்ணின் ஞாபகமாகவே இருந்தது. முகம்கூடத் தெரியாத பெண். யார் பெற்ற பிள்ளையோ, இதில் கொண்டுபோய் அடைக்கப் போகிறோமே என்று புரண்டு புரண்டு படுத்தாள். விடிந்ததும் சிவேந்திரனுக்கு போன் போட்டு, ஒரே ஒரு கைப்பிடி, சின்னதாக வைக்கிறேன் என்று கெஞ்சினாள். கேட்டதை மட்டும் செய்தால் போதும் என்று அவன் வைத்துவிட்டான்.

அமுதவள்ளியும் லேசுப்பட்டவள் இல்லை. தகட்டை அறுத்தெடுத்தாள். பூட்டிலிருந்து கம்பி இழுத்து, அதன் முனையில் ஒரு தோல் வாரைக் கட்டி, அந்தப் பள்ளம் விழுந்த இடத்திலேயே தையல் மடிப்புக்குள் செருகி மறைத்தாள். இழுத்தால் கரண்ட் இல்லாமலே கதவு திறக்கும். பார்த்தால் தெரியாது. தெரிந்தால் பிடுங்கி எறிந்துவிடுவான் என்று சிவேந்திரனிடம் மூச்சு விடவில்லை. லோகனிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பலகையில் பள்ளம் விழவில்லை.

கல்யாணத்தன்று பெண்ணிடம் மட்டும் காதில் சொல்லிவிடலாம் என்றுதான் பிரிக்பீல்ட்ஸ் போனாள். போட்டோக்காரர்களும் சொந்தக்காரர்களும் விட்டால்தானே. கூட்டத்தை இடித்துக்கொண்டு அவள் வாசலுக்கு வருவதற்குள் கதவு சாத்தி, கார் உறுமிக்கொண்டு போய்விட்டது.

மூன்றாவது வாரம் டெங்கில் பக்கம் பேய் மழை. ரோட்டில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க சிவேந்திரன் சாவியோடு கீழே இறங்கியிருக்கிறான். பின்னால் ரோட்டோரம் சரிந்து, கார் அப்படியே பெரிய வாய்க்காலுக்குள் போய்விட்டது. உள்ளே சுதர்சினி. பேட்டரி செத்துவிட்டது. பட்டனை அமுக்கி அமுக்கிக் கதறினானாம்.

ஆனால் கதவு திறந்தது. அந்தப் பெண் நீந்தி வந்தாள்.

கையில் கட்டோடு சுதர்சினி ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னாள் அமுதவள்ளி. வாசலில் கிடந்த சீட்டைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று நின்றுகொண்டே பேசினாள்.

“அந்த வாரு அங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதுக்கா.”

“அப்புறம் எப்படிம்மா தொறந்த?”

“பின்னால ஒக்காந்திருந்தவங்கதான் என் கையப் புடிச்சு அங்க வச்சாங்க.”

அந்தக் காரில் பின்சீட்டே இல்லை.

மறுநாளே லோகனைப் பந்திங்குக்கு விரட்டினாள், காரை விற்ற கன்னையா என்ற பெரியவரைப் பிடித்து விசாரித்து வரச் சொல்லி. சாயங்காலம் திரும்பி வந்தவன் வாசல் சீட்டின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்.

கன்னையாவுக்கு முன்னால் அந்தக் காரை வைத்திருந்தவனுக்குச் சந்தேகப் புத்தியாம். ஒருமுறை சண்டையில் மனைவி சந்தியில் கதவைத் திறந்து இறங்கி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்ப அழைத்து வந்து, முதல் காரியமாக அவள் பக்கத்துக் கைப்பிடியைப் பிடுங்கித் தகடு வைத்து அடைத்தான். அதே வருஷம் கார் பழைய ஈயக்குட்டையில் விழுந்தது. ஈயம் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய ஆழமான குளம் அது. அவன் தன் கதவைத் திறந்து நீந்தி வந்துவிட்டான்.

“அந்தப் பொம்பள?”

“காரு மூக்கு குத்தி நின்னுச்சாம். கடைசிக் காத்து பின்னாலதான இருக்கும். கரைக்கு இழுத்துப் பாக்கறப்போ அவங்க முன்னால இல்ல, அமுதா. பின்சீட்டுல...”

லோகன் நிறுத்தினான். தான் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று குனிந்து பார்த்தான்.

மெல்ல எழுந்தான்.

அவன் உட்கார்ந்திருந்த ஓரம் கிறீச்சென்று மேலே எழும்பியது.

மற்ற ஓரம்... அமுங்கியே இருந்தது.