சுற்றாத டிஸ்க்

பழுதுபார்க்க வரும் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் அதன் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளே குடியிருக்கும் பல்லிக்கும் கரப்பானுக்கும் காலி செய்ய அவர் கொடுக்கும் அவகாசம் அது. பிறகு பக்கத் தகட்டைக் கழற்றி, முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொண்டு, ப்ளோயரை வைத்துத் தூசியை வாசலுக்கு விரட்டுவார். அது தெருவில் இறங்கி, பக்கத்து சலூன்காரர் அப்போதுதான் துடைத்து வைத்த கண்ணாடிக் கதவில் போய் அப்பும். அதன் பிறகே பெட்டியைக் கொண்டுவந்தவரை நிமிர்ந்து பார்ப்பார்.

"பேக்கப் எடுத்தாச்சா?"

எடுத்தாச்சு என்றாலும் விடமாட்டார். "எதுல எடுத்தீங்க? அது எங்க இருக்கு? திறந்து பாத்தீங்களா, இல்ல நம்பிக்கைதானா?" என்று துருவுவார். அதே டிஸ்க்கைத் தடுத்துப் பிரித்த இன்னொரு பகுதியில், அதாவது பார்ட்டிஷனில், போட்டு வைத்திருப்பதாக யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். "வீட்டுல தீப்பிடிச்சா என்ன பண்றதுன்னு பயந்து, பத்திரத்த ஜெராக்ஸ் எடுத்து அதே வீட்டு அலமாரியிலயே வச்சுப் பூட்டியிருக்கீங்க. கெட்டிக்காரர் சார் நீங்க!" கடையில் காத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டவரும் வேறு வழியில்லாமல் சேர்ந்து சிரிப்பார். தெருவில் 'பேக்கப் அண்ணன்' என்ற பெயர் அவருக்கு இப்படித்தான் வந்து ஒட்டியது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சலூன்காரரே கொஞ்சம் யோசித்துத்தான் கைகாட்டுவார்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்தைத்தான் கடையாக்கியிருக்கிறார். எழுந்து நின்றால் தலை இடிக்கும் என்பதால், நிற்கும்போதும் பாதி வணங்கியபடியே நிற்பார். சுவரில் பழைய மதர்போர்டுகள் ஆணியில் தொங்குகின்றன. உடைந்த கீபோர்டுகளிலிருந்து பிடுங்கிய எழுத்துக்கட்டைகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கிடக்கின்றன. புதுக் கம்ப்யூட்டர் என்றால் அவருக்கு ஆர்வம் கிடையாது. மற்ற கடைகளில் "தூக்கிப் போடுங்க" என்று சொல்லி அனுப்பியவற்றைத்தான் விரும்பி வாங்கி வைப்பார். "கொஞ்சம் மெமரி கூட்டி, பயாஸ அப்டேட் பண்ணி, புது ஓ.எஸ். போட்டா இன்னும் பேரன் பேத்தி காலம் வரைக்கும் ஓடும் சார். கண்ணு மங்கினா நாம கண்ணாடிதானே மாத்தறோம், தலையையா மாத்தறோம்?"

பயாஸ் மாற்றுகிற நேரத்தில் மட்டும் அவர் வேறு ஆளாகிவிடுவார். பெட்டியைத் தட்டி எழுப்பி, டிஸ்க் எங்கே, திரை எங்கே என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கும் அந்தச் சின்ன நிரலை எழுதும்போது மின்சாரம் நின்றுவிட்டால், பெட்டி மறுபடி கண் திறக்காது. அதனால் மவுஸ் முதல் வெளி டிஸ்க் வரை, தொங்கிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துவிடுவார். யு.பி.எஸ். மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுப்பார்.

"யோவ், அந்த முடி காய வைக்கிற மெஷின நிறுத்து. ஃபியூஸ் போயிடப் போகுது."

"ஈரத்தலையோட ஒருத்தரு உக்காந்திருக்காருய்யா!"

"அவருக்குச் சளிதான் பிடிக்கும். இங்க ஒரு உயிரே போயிடும்."

"முடி வெட்டிக்க வந்தாக்கூட பேக்கப் எடுத்தாச்சான்னு கேக்கற ஆளு நீ."

"நீ வெட்டற தலைங்களுக்கு பேக்கப் இருந்தா நல்லாத்தான்யா இருக்கும்."

இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போது அவசரத்துக்கு மேலோட்டமாகத் துடைத்துக் கொடுப்பது கிடையாது. மூலை முடுக்கெல்லாம் அழித்து, எழுதிப் பார்த்து, பழுது இருக்கிறதா என்று சோதித்துத்தான் முடிப்பார். அரை நாள் பிடித்தாலும் பிடிக்கட்டும். "பெருக்கினா கட்டிலுக்கு அடியிலயும் பெருக்கணும்" என்பார்.

இதெல்லாம் போன மழைக்காலம் வரைக்கும். அப்போதுதான் தன் அண்ணன் மனைவியின் கம்ப்யூட்டரில் கை வைத்தார்.

அண்ணி வீட்டின் முன்னறையில் எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கிறார். மெஷினுக்குப் போகும் டிசைன்களை யாரிடமும் வாங்கியதில்லை. ஓரத்தில் கிடக்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டரில், மவுஸைப் பிடித்து ஒவ்வொரு தையலாக அவரே வரைந்தவை. தலைகீழாகத் தொங்கும் கிளி, பாதி பூச்சி தின்ற இலை, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு சேவல்கள். நகரத்தின் அந்தக் கோடியிலிருந்தெல்லாம் தையல்காரர்கள் அந்தக் கிளிக்காகத்தான் பஸ் ஏறி வந்தார்கள்.

"ஓடறத எதுக்குத் தம்பி நோண்டணும்?" என்று அண்ணி தட்டிக்கழித்துக்கொண்டேதான் இருந்தார்.

"ஓடற வரைக்கும்தான் அண்ணி ஓடும். உங்க ஓ.எஸ். கம்பெனிக்காரனே மறந்துபோன ஓ.எஸ். என்னைக்காவது வைரஸ் வந்து எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிடும். அப்ப எங்கிட்ட வந்து அழாதீங்க."

போகும்போதெல்லாம் இதையே சொன்னார். தெருவே தன் பேச்சைக் கேட்கிறது, அண்ணி கேட்கவில்லையே என்பதும் அவருக்குள் ஓர் உறுத்தல். கடைசியில் அண்ணி, "உங்க தொல்லை தாங்கல, எடுத்துட்டுப் போங்க" என்று சிரித்துக்கொண்டே வயர்களைக் கழற்றிக் கொடுத்தார்.

முதலில் பயாஸ். வழக்கப்படி எல்லாவற்றையும் பிடுங்கி வைத்தார், பேக்கப்புக்கு வைத்திருக்கும் தன் வெளி டிஸ்க்கையும் சேர்த்து. அத்தனை பழைய பெட்டியில் பயாஸ் ஒரு சிக்கலும் இல்லாமல் ஏறிவிட்டது. அந்த மகிழ்ச்சியில் சலூன்காரரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பெருமையடித்தபடியே அடுத்த வேலையில் இறங்கினார். "வேற எவனாவது இதத் தொட்டிருப்பானா சொல்லு?" என்று கேட்டுக்கொண்டே டிசைன்களை நகலெடுக்கக் கொடுத்தார். திரையில் வெளி டிஸ்க் வழக்கமாக வரும் வரிசையில் ஒரு பெயர் இருந்தது. அதில் போட்டார். 'முடிந்தது' என்றது. மற்ற நாளாக இருந்தால் நகலைத் திறந்து பார்த்திருப்பார். அன்று வாய் ஓயவில்லை.

புது ஓ.எஸ்.ஸுக்குப் பழைய டிஸ்க் அமைப்பு ஒத்துவராது. இரண்டு பார்ட்டிஷனையும் அழித்து ஒன்றாக்கி, புது முறையில் ஃபார்மட் போட்டார். கட்டிலுக்கு அடியிலும் பெருக்கினார். எல்லாம் முடிந்து, டிசைன்களைத் திருப்பி வைக்கலாம் என்று கை நீட்டியபோது, வெளி டிஸ்க் மேசை ஓரத்தில் வயர் சுற்றியபடி அப்படியே கிடந்தது. பயாஸுக்காகப் பிடுங்கியதை அவர் திரும்பச் செருகவே இல்லை. அவர் நகலைப் போட்டது அண்ணியின் அதே டிஸ்க்கின் இரண்டாவது பார்ட்டிஷனில்.

அதே வீடு. அதே அலமாரி.

அழிந்ததை மீட்கும் மென்பொருள்கள் எத்தனை உண்டோ அத்தனையையும் ஓட்டிப் பார்த்தார். கிளியின் ஒரு இறகுகூடத் தேறவில்லை. அவர் அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருந்தார்.

அண்ணிக்கு ஃபோன் போட்டபோது உண்மையைத்தான் சொல்ல நினைத்தார். "அண்ணி…" என்றதும், "என்ன தம்பி, குரலே ஒரு மாதிரி இருக்கு?" என்று அந்தப் பக்கமிருந்து வந்த அக்கறையில் நாக்கு தானாகப் புரண்டுவிட்டது.

"டிஸ்க் போயிடுச்சு அண்ணி. சுத்தவே மாட்டேங்குது. பேக்கப் எடுக்கறதுக்குள்ள செத்துப்போச்சு."

 அண்ணி சொன்னார்: "நான்தான் தம்பி அதப் போட்டு அப்படி ஓட்டிட்டேன். நீங்க எத்தன தடவ சொன்னீங்க."

திட்டியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். அண்ணி அவருக்காக வருத்தப்பட்டார். அண்ணன் வழியில் பார்த்துத் தோளில் தட்டி, "ராத்திரி பகலா முயற்சி பண்ணினியாமே, உங்க அண்ணி சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறா" என்றார். அவர் பார்வை அண்ணனின் சட்டைப் பொத்தானைத் தாண்டி மேலே ஏறவில்லை. புது டிஸ்க் போட்டு, புது ஓ.எஸ். ஏற்றி, கம்ப்யூட்டரை வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு, உள்ளே கூப்பிடக் கூப்பிட அவசர வேலை என்று நழுவினார். அதன் பிறகு அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்.

இப்போதும் பெட்டியின் மண்டையில் தட்டுகிறார். தூசி ஊதுகிறார். ஆனால் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அந்தக் கேள்வியும் வருவதில்லை. "என்ன பேக்கப் அண்ணே, பேக்கப் எடுத்தாச்சான்னு கேக்க மாட்டீங்களா?" என்று பழகியவர்கள் வம்புக்கிழுத்தால், "நானே எடுத்துக்கறேன், வச்சிட்டுப் போங்க" என்று முணுமுணுக்கிறார். ஒரு தடவைக்கு மூன்று தடவை திறந்து பார்க்கிறார். கூப்பிடும் பெயர் ஒவ்வொரு முறையும் பிடரியில் குத்துகிறது. அண்ணியின் பழைய டிஸ்க்கைக் கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றி இழுப்பறையின் அடியில் போட்டு வைத்திருக்கிறார். வேறு பெட்டியில் போடவும் கை வரவில்லை, குப்பையில் எறியவும் வரவில்லை.

போன வாரம் அண்ணியே கடைக்கு வந்துவிட்டார். கையில் ஒரு துணித் துண்டு. முன்பு அந்தக் கிளி தைத்துக் கொடுத்த பழைய சட்டைக் கை ஒன்றை ஒரு வாடிக்கைக்காரியிடமிருந்து வாங்கி, லென்ஸ் வைத்துத் தையல் எண்ணி, கிளியைத் திரும்ப வரைந்திருக்கிறார்.

"பாருங்க தம்பி, மூக்கு காக்கா மாதிரி ஆயிடுச்சு" என்று சிரித்தார். கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது. "சேவல்தான் வர மாட்டேங்குது. அது வேணும்னு கேட்டு ரெண்டு பேரு வந்து, இல்லன்னதும் போயிட்டாங்க. போகட்டும். ஆமா, அந்தச் செத்த டிஸ்க்கத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இல்ல அண்ணி… இருக்கு."

"உள்ள நல்ல காந்தம் இருக்கும்னு ஒருதடவ சொன்னீங்கல்ல? கழட்டிக் குடுங்க. கீழ விழற ஊசியப் பொறுக்க ஆகும். கழுத்தறுத்துட்டுப் போன சனியன், இதுக்காவது உதவட்டும்."

தலை மட்டும் கடைக்குள் நீட்டி வேடிக்கை பார்த்த சலூன்காரர், "குடுத்துடு பேக்கப். அதுக்கு இனிமே நீ என்ன வைத்தியம் பாக்கப் போற?" என்றார்.

அவர் டிஸ்க்கை எடுத்துத் துணியைப் பிரித்தார். நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தார். மூடியைத் திறந்து உள்ளே காற்றும் தூசியும் பட்டுவிட்டால் டிஸ்க் அத்தோடு சரி. நிஜமாகவே செத்துவிடும். அவர் சொன்ன பொய் அதன் பிறகு பொய்யாக இருக்காது. யார் சோதித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு திருகாகக் கழற்றி மேசை மேல் வைத்தார். அண்ணி அவற்றை உருண்டு ஓடாமல் விரலால் ஒதுக்கிச் சேர்த்துவைத்தார், கீழே விழுந்தால் தம்பி குனிய வேண்டுமே என்று.

கடைசித் திருகில் அவர் கை நின்றது.

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "கையக் காட்டுங்க அண்ணி" என்றார். அண்ணி என்ன ஏதென்று தெரியாமல் உள்ளங்கையை நீட்ட, அதில் டிஸ்க்கை வைத்தார். மேசைக் கம்ப்யூட்டரிலிருந்து பவர் வயரை இழுத்து அதில் செருகினார். ஒரு சின்ன 'டிக்'. டிஸ்க் லேசாகச் சிலிர்த்து, மெல்ல வேகமெடுத்து, சீராகச் சுற்றத் தொடங்கியது.

அண்ணி உள்ளங்கையில் அந்த அதிர்வைப் பார்த்தபடி இருந்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

"இது ஓடுதே தம்பி."

அவர் வயரைப் பிடுங்கவில்லை. படிக்கட்டுக்குக் கீழே தலை குனிந்து நின்றபடி, டிஸ்க்கைத் தாங்கியிருந்த அண்ணியின் கைக்கு அடியில் தன் கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.