குளத்துப் பிராணியின் பாஷைக்கு ஒரு கொப்பி

பால்மாப் பெட்டி திறந்த நாளைக்கூட அதன் மூடியில் எழுதிவைப்பவள் நான். துணுக்காயில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள குளத்தில் ஒரு பிராணி இருக்கிறது, அதற்குத் தனிப் பாஷை உண்டு என்று என் பத்து வயது மகள் சொன்ன அன்றே, ஒரு கொப்பி எடுத்துத் திகதி போட்டேன்.

"ஒருத்தருக்கும் காட்டக்கூடாது" என்றாள். சம்மதித்தேன்.

பின்னேரங்களில் ஒவ்வொரு சொல்லாகத் தந்தாள். நூப் என்றால் தண்ணீர். நூநூப் என்றால் குளம். வினைக்குக் காலம் இல்லை. முடிந்துபோனதைச் சொல்லும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். 'வா', 'போ' என்று யாரையும் ஏவ முடியாது. கண்டவுடன் 'பூலா மெக்?' என்று கேட்க வேண்டும்: நனைந்திருக்கிறாயா? நானும் சில இலக்கண நூல்கள் படித்தவள்தான். இவ்வளவு மரியாதையான பாஷையை எதிலும் கண்டதில்லை.

பெருமை தாங்காமல், மழை பிடித்த ஓர் ஐப்பசி வெள்ளிக்கிழமை, மூன்று பக்கங்களைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

அடுத்த கிழமை நெளுக்குளத்தில் என் கணவரின் அக்கா வீட்டுக்குப் போனோம். மச்சாள் வாசலிலேயே ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "பூலா மெக், மருமகளே?" என்றா. குசினிக்குள்ளிருந்து அவவின் கணவர், "பிள்ளைக்கு நூப் வேணுமோ, தேத்தண்ணி வேணுமோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகள் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்: "நீங்களோ அனுப்பினனீங்கள்?"

"ஓம்."

வீட்டுக்கு வந்ததும் அழிறப்பரோடு கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எழும்பி வந்து, "பேனாவால எழுதியிருக்கிறியள், அம்மா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதன்பிறகு சொற்கள் வரவில்லை. குழுவில் இருந்த ஒவ்வொருவருக்கும் போன் எடுத்துப் படங்களை அழிக்கச் சொன்னேன். மச்சாள் சிரித்தா. "அழிச்சிட்டன் பிள்ளை. ஆனா எனக்கு முழுக்க மனப்பாடம். கண்டவுடன கேப்பன் பார்."

மகளிடம், "எல்லாரும் அழிச்சிட்டினம்" என்றேன்.

"மாமியுமோ?"

"ஓம், மாமியும்."

அது பொய்யில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஏனென்றால் இரண்டு நாள் கழித்து, சீப்பால் அவளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது, அவளாகவே ஒரு சொல் தந்தாள். தெசு: வெயிலில் காய்ந்துபோவது. பென்சிலால் எழுதி, திகதி போட்டேன்.

பொங்கலுக்கு மச்சாள் எங்கள் வீட்டுக்கு வருகிறா. கலண்டரில் அந்த நாளை வட்டமிட்டிருக்கிறேன். ஏன் என்று மகள் கேட்டபோது, "பொங்கல்தானே" என்று மட்டும் சொன்னேன்.