தலைவர் கணக்கில் போன இரண்டு புள்ளி

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் ஆரோக்கியம் நேராக என் கடைக்கு வந்தார். கடை பாதிதான் திறந்திருந்தது. "டீச்சர் பூட்டாங்க சார். விடியகாலைல, தூக்கத்துலயே" என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. நின்றபடியே, "அந்த ரெண்டு பாயின்ட் என்துதான் சார். கடைசி வரிக்கும் ஒத்துக்கலியே அவங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது எதற்காக என்று பிரித்துச் சொல்வது கடினம்.

பிலோமினா டீச்சர் ராயபுரத்துப் பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர். ஆனால் லீக்கின் இந்த நினைவு மலரைப் படிக்கிற நம்மில் பெரும்பாலோர் அவரை நம் கூடைப்பந்து லீக்கின் ஸ்கோரராகத்தான் அறிவோம். அந்த நாட்களில் ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஓரளவு பெரிய கம்பெனிகள் எல்லாம் ஓர் அணி வைத்திருந்தன. ஆட்டக்காரர்கள் ஃபிட்டர், கலாசி, குமாஸ்தா என்ற பெயர்களில் சம்பளம் வாங்கினார்கள். சிலருக்குத் தாங்கள் ஓட்டுவதாகச் சொல்லப்படும் இயந்திரம் எந்தக் கொட்டகையில் இருக்கிறது என்பது தெரியாது. நான் லீக்கின் செயலாளர். ஆட்டம் தெரியாதவர் என்பதால் பாரபட்சம் பார்க்கமாட்டார் என்று என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

டீச்சர் வருவதற்கு முன்பு ஒவ்வோர் அணியும் தன் ஸ்கோரரைத் தானே அழைத்துவரும். ஓர் ஆட்டத்தின் முடிவில் இரண்டு ஷீட்டிலும் அவரவர் அணியே ஜெயித்திருந்தது. இரண்டு அணிகளும் மாலை போட்டுக்கொண்டு ஊர்வலம் கிளம்பின. இரண்டு ஊர்வலங்களும் ரயில்வே கேட் அருகே சந்தித்துக்கொண்டதில் நான்கு பேருக்குத் தையல் போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் பொது ஆள் ஒருவர் வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது. டீச்சர் பெயரைச் சொன்னபோது, ஆம்பளைகள் ஆடுகிற இடத்தில் ஒரு பெண் உட்காரலாமா என்று கமிட்டியில் ஒருவர் கவலைப்பட்டார். "ஆட்டத்தைத்தானே பார்க்கச் சொல்றீங்க? ஆளைப் பார்க்கச் சொல்லலையே?" என்று டீச்சர் கேட்டார். கவலைப்பட்டவரே போய் நாற்காலி எடுத்துவந்தார்.

முதல் ஆட்டத்திலேயே சிக்கல் வந்தது. மற்ற ஸ்கோரர்கள் கூடையில் விழுந்த பந்தை மட்டும் எழுதுவார்கள். டீச்சர் விழாததையும் எழுதினார். ஆட்டம் முடிந்ததும் மைக்கை வாங்கி, யார் எத்தனை எறிந்தார், எத்தனை விழுந்தன, திரும்பி வந்த பந்தை யார் பிடித்தார், யார் யாரைத் தள்ளினார் என்று பள்ளியில் வருகைப் பதிவு வாசிக்கும் குரலில் வாசித்தார். ஆட்டக்காரர்கள் மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா டீச்சர், வுட்டதெல்லாம் எதுக்கு எழுதிகினு கீறீங்க?"

"விட்டது யாருப்பா? நானா?"

"வூட்ல எல்லாம் வந்து கீறாங்க டீச்சர். பேஜாரா பூடும்."

"அப்ப அடுத்த வாரம் போடு. அதையும் வாசிக்கிறேன்."

அடுத்த வாரம் கூட்டம் இரண்டு மடங்காக வந்தது. ஆட்டத்துக்காக வந்தவர்கள் பாதி. வாசிப்பைக் கேட்க வந்தவர்கள் மீதி.

இனி அந்த இரண்டு புள்ளிக்கு வருகிறேன். ஆரோக்கியம் அப்போது திருவொற்றியூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் தற்காலிக ஆள். நிரந்தரம் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக அவரை அவ்வப்போது நிறுத்துவார்கள், பிறகு புது ஆளைப் போல மறுபடி எடுப்பார்கள். இந்த முறை நிறுத்தினால் எடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காத்திவாக்கத்தில் அவருடைய அண்ணன்கள் கட்டுமரத்தை ஏற்கெனவே விற்றிருந்தார்கள். கடல் இருந்தது, இறங்க மரம் இல்லை. அணியின் தலைவர் தண்டபாணியும் தற்காலிகம்தான். நிரந்தர இடமோ ஒன்றே ஒன்று. இறுதி ஆட்டத்தில் அதிகப் புள்ளி எடுப்பவருக்கு அந்த இடம் என்று தொழிற்சாலையின் விளையாட்டு அதிகாரி அறிவித்தார். அணியில் போட்டி மனப்பான்மையை வளர்ப்பது அவர் நோக்கம். அது வளர்ந்தது. தண்டபாணி பந்து கைக்கு வந்தால் கூடை எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்குள் எறிந்தார்.

எதிரணி, ராயபுரத்தில் கப்பல் பழுது பார்க்கும் ஒரு கம்பெனி. கடைசி நிமிடத்தில் அணிகளும் சமம், தண்டபாணியும் ஆரோக்கியமும் சமம். யாரோ எறிந்த பந்து கூடை வளையத்தில் பட்டு எழும்பியது. ஆரோக்கியம் தாவினார். அவரைத் தடுக்க எதிரணியின் நெட்டை ஆள் காசிமும் தாவினார். கைகள் கலந்தன. பந்து வலைக்குள் இறங்கியது. மணி அடித்தது. வார்ப்படம் ஜெயித்தது. ஜனங்கள் ஆரோக்கியத்தைத் தூக்கிக்கொண்டார்கள்.

டீச்சர் மட்டும் எழுந்து போய் நடுவரிடம் பேசினார். காசிமைக் கூப்பிட்டார்கள். "என் கைதான் டீச்சர். நானே எங்க கூடைல போட்டுக்கினேன். அந்த வேலய எனக்குக் குடுத்துடச் சொல்லுங்க" என்றார் காசிம். தவறுதலாகத் தன் கூடையில் ஒருவர் போட்டுவிட்டால், அந்தப் புள்ளி எதிரணித் தலைவர் பெயரில் எழுதப்பட வேண்டும். அதுதான் விதி. அதாவது, தண்டபாணி பெயரில்.

ஆரோக்கியம் தோள்களிலிருந்து இறங்கி மேஜைக்கு ஓடிவந்தார்.

"டீச்சர், என் கையும் மேலதான் இருந்திச்சு."

"இருந்தது. நானும் பார்த்தேன். பந்து அதுல படல."

"இத்தோட என் பொயப்பு போச்சு டீச்சர்."

"தெரியும்பா."

தெரியும் என்று சொல்லிக்கொண்டே தண்டபாணி பெயருக்கு நேராக இரண்டு புள்ளியை எழுதினார். கூட்டம் கத்தியது. விளையாட்டு அதிகாரி தண்டபாணியின் கையைக் குலுக்கினார். டீச்சர் மைக்கை எடுத்தார்.

"தண்டபாணி, அணித் தலைவர். ஆட்டத்தில் அதிகப் புள்ளி இவருக்குத்தான். கடைசி இரண்டு புள்ளி, எதிரணியைச் சேர்ந்த காசிம் தம் கூடையில் தாமே போட்டது. விதிப்படி தலைவர் பெயரில் எழுதப்பட்டுள்ளது. அந்தச் சமயத்தில் தலைவர் மறுகோடியில் சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்." சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். "ஆரோக்கியம். இரண்டு அணிகளிலும் சேர்த்து, திரும்பி வந்த பந்துகளை அதிகம் பிடித்தவர். எறிந்தவற்றில் குறைவாக விட்டவர். காசிமின் கை பட்ட அந்தப் பந்துக்கு அவரோடு சேர்ந்து எழும்பியவரும் இவர்தான்." முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அடுத்த பெயருக்குப் போனார்.

அதிகாரி சொன்ன சொல் தவறவில்லை. தண்டபாணிக்கு நிரந்தர வேலையும் 'சாக்ஸ்' என்ற பெயரும் ஒரே மாலையில் கிடைத்தன. இரண்டும் இன்றுவரை நிலைத்திருக்கின்றன. ஆனால் மைதானத்தின் அந்தப் பக்கம், தோற்றுப்போன கம்பெனியின் மேனேஜர் வாசிப்பை முழுவதும் கேட்டுவிட்டுத் தன் ஆட்களைப் பார்த்துத் திரும்பினார்.

"நம்ம ஆளையே நம்ம கூடைல போட வெச்சவன் எவன்டா? அவன இட்டுகினு வா."

மறு திங்கட்கிழமை ஆரோக்கியம் கப்பல் கம்பெனியில் நிரந்தர ஆளாகச் சேர்ந்தார். பிறகு நிஜமாகவே ஃபிட்டர் வேலையும் கற்றுக்கொண்டார். அவருடைய ஆட்டங்களுக்கும் டீச்சர்தான் ஸ்கோரர். அவர் விட்டதை எல்லாம் ஒன்றுவிடாமல் வாசித்தார். ஆரோக்கியமும் ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் அந்த இரண்டு புள்ளியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

டீச்சர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு மாலை அவர் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். அன்றைக்கு எழுதும்போது கொஞ்சமாவது இரக்கம் வரவில்லையா என்று. டம்ளரைக் கீழே வைத்தார்.

"வந்தது. ஆனா அதுக்கு ஷீட்ல கட்டம் இல்லையே சார். அதான் மைக்ல சொன்னேன்."

டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். ஒருவருக்கு உதவ வேண்டியிருந்தால், முதலில் நடந்ததை நடந்தபடி எழுதி முடித்துவிடுகிறேன். அதற்குப் பிறகுதான் மைக் எங்கே என்று தேடுகிறேன்.