அத்தானுக்கு நான் வரைந்த கண்கள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பது வருஷம் போட்டோ எடுத்துப் பிழைத்தவன். படத்தில் யாரோ நிழலாக நிற்கிறார்கள் என்று எத்தனையோ பேர் வேர்த்து விறுவிறுக்க ஓடி வந்திருக்கிறார்கள், "ஃபிலிமச் சுத்தாம ரெண்டு தடவ அமுக்கிட்டீக, போங்க" என்று அனுப்பியிருக்கிறேன். நீங்களும் எனக்கு அப்படி ஏதாவது விளக்கம் வைத்திருப்பீர்கள். சொல்லுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த நேரம். நான் ஒரு தொழிற்பள்ளியில் போட்டோகிராஃபி படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பம் சங்கு குளிக்கிற குடும்பம். முத்துக் குளிப்பு நின்றுபோன பிறகும் சங்குக்கு ஆட்கள் முங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். குளிக்கிறவன் கயிறு கட்டிக்கொண்டு கல்லோடு இறங்குவான், மூச்சு முட்டினால் கயிற்றைச் சுண்டி இழுப்பான், வள்ளத்தில் இருப்பவன் அந்த நிமிஷமே அவனை மேலே தூக்க வேண்டும். அந்தக் கயிற்றைக் கண்டவனிடம் கொடுக்க மாட்டார்கள். மனைவியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள், கூடப்பிறந்தவளை எவனும் விதவையாக்க மாட்டான் என்கிற நம்பிக்கை. என் அக்கா ரோசம்மாவின் புருஷன் சேவியர் அத்தானும் அப்படித்தான் தன் கயிற்றை எங்கள் பெரிய அண்ணன் சூசையின் கையில் கொடுத்திருந்தார்.

அண்ணனுக்கு என் படிப்பு கண்ணில் விழுந்த தூசி. ஒருநாள் கரையில் நான் வள்ளங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பள்ளியில் கொடுத்திருந்த கேமராவைப் பிடுங்கி மணலில் வீசினான். அத்தான் நேராக வந்தார், அத்தனை பேர் முன்னால் அண்ணன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். "பய படிக்கட்டும். இன்னொருக்க கை வச்ச, கைய முறிச்சிருவேன்" என்றார். அண்ணன் கன்னத்தைத் தடவிக்கொண்டு போய்விட்டான். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடி, யாரிடமும் என்றில்லாமல், "அவன் கயிறு எங் கைலதான இருக்கு" என்றான்.

நான் அதைக் கேட்டேன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஏதோ கோபத்தில் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன். அத்தானிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவர் வீடு அடுத்த தெருதான்.

நாலாம் நாள் அத்தானைப் பிணமாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். "கயித்த இழுக்கவே இல்லியே, நெஞ்சு அடச்சிருக்கும் போல" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஊர் நம்பியது. அக்காவும் நம்பினாள்.

அத்தானுக்கு அதுவரை ஒரு படம்கூடக் கிடையாது, கல்யாணத்துக்கும் எடுக்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏலே தம்பி, அவுகள ஒரு படம் எடுல. கண்ணத் தொறந்தாப்ல வேணும், பிள்ளைக பாக்கணும்லா" என்றாள். அப்போதெல்லாம் அது வழக்கம்தான். இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, குடும்பத்தைச் சுற்றி நிறுத்திப் படம் எடுப்போம், பிறகு பிரிண்டில் மூடிய இமைமேல் பிரஷ்ஷால் கண் வரைவோம். அந்தப் பருவத்தில் எனக்கு நடந்துகொண்டிருந்த பாடமும் அந்த ரீடச்சிங்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பள்ளியில் சமர்ப்பிக்க வேண்டிய குரூப் போட்டோ கிடைத்துவிட்டது என்று மனசின் ஒரு மூலையில் நினைத்தேன். அத்தானுக்கு இடப்பக்கம் அக்காவும் பிள்ளைகளும், வலப்பக்கம் நாற்காலியில் கை வைத்து அண்ணன். பள்ளியின் ஸ்டாண்ட் கேமராவை எதிரே நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன்.

பள்ளியில் உட்கார்ந்து, அத்தான் நேராக கேமராவைப் பார்க்கிற மாதிரி கண் வரைந்துவிட்டுப் போனேன். மறுநாள் மாஸ்டர் படத்தை எடுத்துப் பார்த்தார். "ஏம்ல, எல்லாரும் கேமராவப் பாக்காக, இவரு மட்டும் எங்கன பாக்காரு?" என்றார். வாங்கிப் பார்த்தேன். இரண்டு கருவிழியும் ஓரத்துக்குப் போயிருந்தன, அண்ணன் நின்ற ஓரத்துக்கு.

கை தவறியிருக்கும் என்று இன்னொரு பிரிண்ட் போட்டு, மாஸ்டர் எதிரிலேயே வரைந்தேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "ம், இப்ப நேரா இருக்கு" என்றார். காயவைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால், நம்பினால் நம்புங்கள், கண்கள் மறுபடி அண்ணன்மேல். அத்தான் சிரித்த முகக்காரர், அந்தக் கண்ணில் சிரிப்பே இல்லை. அன்றைக்குக் கரையில் அறைவதற்கு முன்னால் பார்த்தாரே, அந்தப் பார்வை. மாஸ்டர் மார்க் போட்டார், "இத மொதல்ல வெளிய கொண்டு போ" என்றார்.

அக்கா அதைச் சட்டம் போட்டு மாட்டினாள். முப்பதாம் நாள் பூசைக்கு வந்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டு உட்காரவே இல்லை. அடுத்த தடவை வந்தபோது படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தான், அக்கா சண்டை போட்டுத் திருப்பினாள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, ஆளே பாதியாகிவிட்டான்.

ஒரு சாயங்காலம் பள்ளி வாசலில் எனக்காகக் காத்து நின்றான். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, அந்தக் கண்ண அழிச்சிரு. மூணு தடவ இழுத்தாம்ல. மூணும் எங் கைக்குத் தெரிஞ்சுது" என்றான்.

கூடப்பிறந்தவன் அழுகிறான், எனக்கு இரக்கம் வரவில்லை. உள்ளுக்குள் இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். "அழிக்க மாட்டேன். நீ பாத்துக்கிட்டே இரு" என்று சொல்லிக் கையைத் தட்டிவிட்டேன். ஆனால் அக்காவிடமும் சொல்லவில்லை, போலீசுக்கும் போகவில்லை. போனால், முன்கூட்டியே தெரிந்தும் நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பார்களே. அத்தான் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை. பட்டப்பகலில், அக்கா தண்ணீருக்குப் போயிருந்த நேரம், அண்ணன் அவள் வீட்டுக்குள் போயிருக்கிறான். படத்தைக் கிழிக்கத்தான் போயிருப்பான். அக்கா வந்து பார்த்தபோது படத்துக்குக் கீழே மல்லாந்து கிடந்தான், மூச்சில்லை. டாக்டர் மாரடைப்பு என்றார். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து சதை தெரிந்தது, ஓடுகிற கயிறு உருவிக்கொண்டு போனால் எப்படி இருக்குமோ அப்படி. குளிப்பாட்டும்போது என் கண்ணால் பார்த்தேன். அந்த வீட்டில் கயிறே கிடையாது.

அடக்கம் முடிந்து வந்துதான் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். அத்தான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாடா, தீர்ந்தது என்று ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. பிறகுதான் உறைத்தது, அன்றைக்குக் கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் நின்றது யார் என்று.

நேராகப் பார்க்கிற படம் எங்கே நின்றாலும் நம்மைப் பார்க்கிற மாதிரித்தான் தெரியும், போட்டோக்காரனுக்கு அது தெரியாதா என்பீர்கள். எனக்கும் அந்தச் சமாதானம் இருந்தது. அக்காவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது, இன்னமும் அவளுக்கு எதுவும் தெரியாது. போன மாதம் போயிருந்தேன். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுப் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"நான் எங்கன நின்னாலும் என்னயப் பாக்க மாட்டேங்காகல. நீ வந்தா மட்டும் ஒன்னயவே பாக்காக. ஒம்மேல அம்புட்டுப் பிரியம் அவுகளுக்கு."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.