ஒருநாள் விட்டு ஒருநாள்

காலை ஏழு பத்து. மெர்போக்கில் என் மூன்று ஏக்கர் ரப்பர் தோட்டத்தில் முதலில் கண்ணில் பட்டது பால் பிடிக்கும் ஒரு மங்கு, காலியாக. மரத்தில் வெட்டு புதிதாக இருந்தது. அதன் கீழே கட்டியிருந்த மங்கில் ஒரு சொட்டுப் பால் இல்லை. அந்த வரிசையில் பதினொரு மரங்கள் அப்படி இருந்தன.

கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் உற்பத்தி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருக்கும்போதே மாலை வகுப்பில் எம்பிஏ முடித்தேன். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரும் 'ரிட்டயர்' ஆனதாகச் சொல்வதில்லை. ஒருவர் அலோர் ஸ்டாரில் பேக்கரி திறந்தார். ஒருவர் யோகா சொல்லித் தருகிறார். நான் தோட்டம் வாங்கினேன்.

மரப்பட்டையில் வெட்டிப் பால் எடுப்பவர் மேரி. ஐம்பது வயது, கணவர் இல்லை. விளைச்சலில் பாதி அவருக்கு. ஆரம்பத்தில் ஒருநாள் எனக்கு வெட்டுவார், மறுநாள் சுங்கை லாலாங்கில் பாக் மான் என்ற மலாய்க்காரரின் தோட்டத்தில் வெட்டுவார்.

என் கண்ணுக்கு மரங்கள் மாதத்தில் பாதி நாட்கள் சும்மா நின்றன. தொழிற்சாலையில் அதற்கு 'ஐடல் டைம்' என்று பெயர்.

"பாக் மான் தோட்டத்த விட்டுடுங்க மேரி. தினமும் இங்கேயே வெட்டுங்க."

"மரம் தாங்காதுண்ணே. ஒருநாள் விட்டுத்தான் வெட்டணும்."

"சார்ட் போட்டுப் பாத்துட்டேன்."

"சார்ட்டு உங்க மெஷினுக்கு லா. பேப்பரக் காட்டினா மரம் பால் விடுமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மழையில் அவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாமே என்றேன். அதற்காகத்தான் சம்மதித்தார்.

இரண்டு மாதம் விளைச்சல் ஏறியது. வரைபடத்தைக் குழுவில் போட்டேன். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. நான்காம் மாதம் மேரி என்னை நிறுத்திச் சொன்னார்: "பாலு தண்ணியா வருதுண்ணே. கொஞ்ச நாள் விட்டுடலாமா?"

"இந்த மாசம் முடியட்டும்" என்றேன். மாதக் கடைசியில் குழுவில் போட எனக்கு வரைபடம் வேண்டியிருந்தது.

மாதம் முடிவதற்குள் அந்தக் காலி மங்குகளைப் பார்த்தேன். மேரி கத்தியைத் துடைத்துக்கொண்டு நின்றார். "நாளைக்கு வரவா, வேணாமாண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

ரப்பர் அதிகாரி வந்து பட்டையைச் சுரண்டிப் பார்த்தார். தோட்டத்தில் பாதி மரங்கள் வறண்டுவிட்டன, ஒரு வருடம் எதிலும் கத்தி வைக்கக் கூடாது என்றார்.

மேரியை அழைத்துக்கொண்டு பாக் மான் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். புது ஆள் வந்து நாலு மாதமாகிவிட்டது, நன்றாகவும் வெட்டுகிறார், எப்படி நிறுத்துவது என்றார். காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன். திரும்பும்போது காரில் மேரி, "விடுங்கண்ணே. அந்த ஆளுக்கும் பிள்ளைங்க இருக்கு" என்றார்.

ஓய்வுக்குப் பின் புதுத் தொழிலில் இறங்குகிறவர்களுக்கு என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அங்கே ஏற்கெனவே வேலை செய்கிறவர் வேண்டாம் என்று சொன்னால், அதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

மேரி இப்போது பீடோங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார்.