குண்டுக்குப் பின்னால் ஒரு நீலத் திட்டு

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி ஆய்வகம் என் பொறுப்பில் இருந்தது. புரோகிராம் ஓடவில்லை என்று அழுதவர்கள் பலர். ஓடிவிட்டதால் அழுதவர் ஜெயசீலி ஒருவர்தான்.

பாலிமர் கரைத்த கெட்டித் திரவத்தில் இரும்புக் குண்டு விழுந்தால், சுற்றியுள்ள திரவம் எப்படி ஓடும் என்று கணக்கிடுவது அவருடைய பிஎச்.டி. ஆய்வு. அந்தத் திரவம் பாதி தேன், பாதி ரப்பர்; ஒழுகும், இழுத்தால் திரும்பச் சுருங்கவும் பார்க்கும். கணக்கில், குண்டை ஒட்டிய திரவம் கூடவே இறங்கியது. குண்டு கடந்துவந்த பாதையில் சற்றுப் பின்னால் இருந்தது மட்டும் மேலே போனது. திரையில் அது ஒரு நீலத் திட்டு, மைனஸ் வேகம்.

வழிகாட்டிப் பேராசிரியர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்.

"குண்டு கீழ போவுது, திரவம் மேல போவுதாக்கும்? புரோகிராம் கோடு தப்பும்மா. சரிபண்ணாம கையெழுத்துப் போடமாட்டேன்."

ஆய்வேடு கொடுக்கக் கிடைத்த கடைசி நீட்டிப்பு அந்த மாதத்தோடு முடிகிறது. விட்டால் பதிவே ரத்து. திரவத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் மெஷ்ஷைப் பொடியாக்கினோம், கணக்கு நகரும் நேர இடைவெளியான டைம் ஸ்டெப்பைக் குறைத்தோம். நீலம் அசையவில்லை.

"அண்ணாச்சி, கலர் ஸ்கேல ஜீரோவுல வெட்டிருவோமா? நீலம் தெரியாது."

"படத்துல தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்லா."

எரிச்சலில் சொல்லிவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, உயரமான கண்ணாடி ஜாடி கிடைக்குமா என்று கேட்டார்.

ஆற்றுத் தண்ணீர் கலங்கி வரும்போது தெளியவைக்கப் போடும் பாலிமர் தூளைக் கிளிசரினில் கரைத்து ஊறவைத்தார். பேராசிரியர் முன்னால் பேரிங் குண்டைப் போட்டோம். அதன் பின்னால் காற்றுக் குமிழிகள் மேலே ஏறின. பேராசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"குமிழி மேல போவாம வேற எங்க வே போவும்?"

நியாயமான கேள்வி. ஜெயசீலி அசரவில்லை. மறுநாள் பெயின்ட் கடையிலிருந்து அலுமினியத் தூள் வாங்கி வந்து கலந்தார். அது கனமானது, தானாக மேலே வராது.

பேராசிரியரைக் கூப்பிட்டு மறுபடி குண்டைப் போட்டோம். பின்னால் மினுங்கிய தூள் கூடவே கொஞ்சம் இறங்கி, நின்று, பைய மேலே நகர்ந்தது. நீலத் திட்டு இருந்த அதே இடத்தில்.

"இன்னொரு தடவ போடும்மா," என்றார் பேராசிரியர், குரலை இறக்கி. போட்டோம். மறுபடியும் ஏறியது. ஜாடியில் மூக்கு ஒட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தவர், நிமிர்ந்ததும் பேனாவைத்தான் தேடினார்.

இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். மைனஸ் வந்தால் புரோகிராமைத் திட்டுங்கள், தப்பில்லை. ஆனால் ஸ்கேலை வெட்டுவதற்கு முன் ஒரு ஜாடி தேடுங்கள். ஜெயசீலியின் சமன்பாடுகள் எந்த ஜாடியையும் பார்த்ததில்லை. எங்களுக்கு முன்னால் அவற்றுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.